கடுக்காய் மஞ்சளும் இரும்புச் சட்டிக் கஞ்சியும்

மூன்று வருடத்துக்கு முந்தைய டிசம்பர் அது. ஆம்பூரில், எங்கள் வீட்டுத் தோட்டத்துக் குழாயடியில் ஆரம்பித்து சர்ச் ஹாலில் முடிந்த கதை. நினைத்தால் முதலில் சிரிப்பு வரும், அப்புறம் கண் கலங்கும். எனக்கு இந்த வரிசை இன்றுவரை மாறியதில்லை.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பிறந்தது வேலூரை அடுத்த அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கம், விவசாயக் குடும்பம். படித்தது கெமிஸ்ட்ரி. வேலை, ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் கலர் மேட்சிங். வெளிநாட்டு ஷூ கம்பெனிக்காரர் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தோல் துண்டை அனுப்பி, 'இதே பிரவுன் வேண்டும்' என்பார். அந்த பிரவுனைக் கலந்து கொண்டுவருவது எங்கள் வேலை. ஒரு சொட்டு கறுப்பு ஜாஸ்தியானால் போச்சு, மொத்தச் சரக்கும் திரும்பி வரும். நாள் முழுக்கக் கலரோடு மல்லுக்கட்டியதில், இந்தக் கலரெல்லாம் முதன்முதலில் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளும் பைத்தியம் என்னைப் பிடித்துக்கொண்டது. அந்தக் காலத்து ஓவியர்கள் எந்தக் கல்லை அரைத்தார்கள், எந்தப் பூச்சியைக் காயவைத்தார்கள் என்று தேடித் தேடிப் படிப்பேன். படித்ததை யாரிடமாவது கொட்டாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. மாட்டிக்கொள்வது என் கணவர்தான். வேலூரில் ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவர். இரவு டியூட்டி முடித்துவிட்டுக் கண் சொக்க உட்கார்ந்திருக்கும் மனிதரிடம் ஊதா நிறத்தின் வரலாற்றைச் சொல்வேன். பாவம், தூக்கத்திலேயே 'ம்' கொட்டுவார்.

எங்களுடையது காதல் கல்யாணம். அவர் வீட்டில் தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். நான் நெற்றியில் விபூதியோடு வளர்ந்தவள். மாமியார், அதாவது நான் 'அத்தை' என்று கூப்பிடுகிறவர், ரிட்டையர்டு டீச்சர். கல்யாணத்தை எதிர்த்து அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னோடு ஒரு நாளும் சண்டை போட்டதுமில்லை. அதுதான் எனக்குப் பேஜாராக இருந்தது. "சாப்டீங்களா?", "கெளம்பிட்டீங்களா?", "நீங்க ஏன் கஷ்டப்படறீங்க, நான் பாத்துக்கறேன்" என்று வாயெல்லாம் மரியாதை. வெளியூரிலிருந்து வந்த விருந்தாளியிடம் பேசுவதுபோல. ஆனால் சென்னையில் இருக்கும் தன் மகளைப் போனில் வாங்கு வாங்கென்று வாங்குவார். அதைக் கேட்டு எனக்குப் பொறாமையாக இருக்கும். என்னையும் ஒரு தடவை அப்படி உரிமையோடு திட்டமாட்டாரா, இந்த வீட்டில் நான் என்றைக்குத்தான் விருந்தாளியாக இல்லாமல் போவேன் என்று ஏங்கியிருக்கிறேன். அம்மா வீட்டில் சொன்னால், "திட்டலைன்னா அழுவாங்களா? கொழுப்பு உனக்கு" என்று சிரித்தார்கள்.

அந்த நவம்பரில் ஒரு சாயங்காலம் பாஸ்டர் வீட்டுக்கு வந்திருந்தார். டீ குடித்துக்கொண்டே சுவரிலிருந்த கிறிஸ்துமஸ் காலண்டரைப் பார்த்தார். மாட்டுக்கொட்டகை, குழந்தை, நீல உடையில் மரியாள். என் வாய் சும்மா இருக்குமா? "ஏன் நீலத்துல போட்ருக்காங்க தெரியுமா?" என்று ஆரம்பித்துவிட்டேன். ஆப்கானிஸ்தான் மலையிலிருந்து வெட்டி எடுத்த ஒரு கல்லை அரைத்துத்தான் அந்த நீலத்தைச் செய்வார்கள், ஒரு காலத்தில் தங்கத்தைவிட விலை ஜாஸ்தி, அதனால் ஐரோப்பாவில் ஓவியர்கள் அதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்து மரியாளின் உடைக்குப் பூசினார்கள் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். பாஸ்டர் டீயை ஆறவிட்டுக் கேட்டார். அப்புறம் அத்தையைப் பார்த்து, "டீச்சர், வருஷா வருஷம் மேய்ப்பர், ராஜாக்கள்னே போடறோம். இந்த வருஷம் சண்டே ஸ்கூல் பிள்ளைங்களை வெச்சு இதையே நாடகமா போடலாமே? ஒவ்வொரு கலரும் வந்து, தான் எங்கிருந்து வந்தேன்னு பாலகன் இயேசுகிட்ட சொல்லட்டும்" என்றார்.

கிறிஸ்துமஸ் நாடகம் என்றால் எங்கள் சர்ச்சில் அத்தைதான். நாடகத்தை அவர் நடத்துவார், பாடகர் குழுவின் உடைகளும் அவர் பொறுப்புதான். அத்தை போட்ட கஞ்சி என்றால் பெண்கள் சங்கத்தில் அத்தனை பெயர். உடுப்பு தானாக எழுந்து நிற்கும் என்பார்கள். அப்படிப்பட்டவரின் ராஜ்யத்தில் நான் கால் வைத்துவிட்டேன். அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. "ஐயா சொன்னா சரிதான். நீங்க எழுதிக் குடுங்க, நான் பாக்கறேன்" என்றார் என்னிடம்.

எழுதினேன். எழுதியதை சிவப்பு மையில் திருத்தித் திருப்பித் தந்தார். நான் மம்மி பிரவுன் என்று ஒரு கலரை வைத்திருந்தேன். எகிப்தில் பதப்படுத்திப் புதைத்த பிணங்களைப் பொடித்துச் செய்தது. நிஜமாகவே அப்படி ஒரு கலர் இருந்தது, ஓவியர்கள் வாங்கிப் பூசினார்கள். பிள்ளைகள் ஆளாளுக்கு "நான்தான் மம்மி, நான்தான் மம்மி" என்று அடித்துக்கொண்டார்கள். அத்தை, "கிறிஸ்துமஸுக்குப் பொணம் எதுக்குங்க?" என்று அதைக் கோடு போட்டு அடித்துவிட்டார். மாட்டுக்கு மாவிலையை மட்டும் தீனியாகப் போட்டு, அதன் மூத்திரத்தைக் காய்ச்சி எடுத்ததாகச் சொல்லப்படும் மஞ்சளையும் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "கர்த்தருடைய சந்நிதியில மாட்டு மூத்திரமா? நல்லாருக்குங்களா இது?" என் கணவர் சமையலறைக்குள் போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

மாட்டு மஞ்சள் போனதால்தான் கடுக்காய் மஞ்சள் வந்தது. தோல் பதனிட எங்கள் பக்கத்தில் காலங்காலமாகப் பயன்படுத்தும் கடுக்காய்க்கு இன்னொரு குணம் உண்டு. ஊறவைத்து, படிகாரம் சேர்த்துத் துணியை முக்கினால் வெண்ணெய் மாதிரி இளமஞ்சள் ஏறும். "நீலம் ஆப்கானிஸ்தான்லேர்ந்து வந்துச்சு, செவப்பு கடல் தாண்டி மெக்சிகோவுல கள்ளிச்செடிப் பூச்சிலேர்ந்து வந்துச்சு. மஞ்சள் மட்டும் நம்ம ஊர்க் கலரா இருக்கட்டும் அத்தை. கடைசியில குட்டிப் பிள்ளைங்க எல்லாரும் மஞ்சள் அங்கி போட்டு வந்து பாடட்டும்" என்றேன். அத்தை, "சரி. ஆனா சாயம் நீங்களே போடணும்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய் வாங்கி, எவர்சில்வர் அண்டாவில் ஊறவைத்து, குட்டி அங்கிகளை முக்கி, நிழலில் உலர்த்தி எடுத்தேன். பார்த்துப் பார்த்துச் செய்தேன். ஒன்றே ஒன்றுதான் செய்யவில்லை. அந்தத் துணி இரும்புப் பக்கமே போகக் கூடாது என்று வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

கடுக்காய் ஏறிய தோலில் துளி இரும்புத் துரு பட்டாலும் அந்த இடம் கன்னங்கரேலென்று ஆகிவிடும். எங்கள் கம்பெனியில் வேலைக்குச் சேரும்போதே சொல்லித்தருவார்கள். எனக்கு அது மூச்சு விடுவதுபோல ஆகிவிட்டதால், மற்றவர்களுக்குத் தெரியாது என்பதே தோன்றவில்லை.

நாடகம் சனிக்கிழமை சாயங்காலம். அன்று எனக்கு அரை நாள் வேலை. மதியம் வீட்டுக்கு வந்து பார்த்தால் வாசல் திறந்து கிடக்கிறது, ஆளைக் காணோம். தோட்டத்துக்குப் போனேன். குழாயடியில் அத்தை ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளையும் முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்தார். பக்கத்தில் பெரிய இரும்புச் சட்டி. கொடியில் வரிசையாகக் குட்டி அங்கிகள். எல்லாம் கறுப்பு.

"எல்லாம் போச்சுங்க" என்றார். "கசங்கிக் கெடந்துச்சேன்னு கஞ்சி போட்டு வெக்கலாம்னு பாத்தேன். எப்பவும் போடற அலுமினிய குண்டான்ல முறுக்கு மாவு இருந்துச்சு. அதான் இந்தச் சட்டில காய்ச்சினேன். துணிய முக்கினதும் ஒரு மாதிரி ஆச்சு. வெளுத்துடும்னு சோப்பு போட்டேன். இன்னும் ஜாஸ்தியாயிடுச்சு. நான் இன்னாங்க பண்ணேன்?"

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. புளித்த கஞ்சித் தண்ணீரை இரும்புச் சட்டியில் கொதிக்கவைத்திருக்கிறார். இரும்பு கரைந்து கஞ்சியில் இறங்கியிருக்கிறது. அது கடுக்காயைப் பார்த்ததும் கறுத்துவிட்டது. என் முட்டாள் வாய் என்ன செய்தது தெரியுமா? சிரித்துவிட்டது. அடக்க முடியாமல் விழுந்து விழுந்து சிரித்தேன்.

அத்தையின் முகம் சுண்டிப்போனது. ஐயோ, கேலி செய்கிறேன் என்று நினைத்துவிட்டாரே என்று பதறி, அவர் எதிரில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். "அத்தை, நீங்க இன்னா பண்ணீங்க தெரியுமா? மை காய்ச்சியிருக்கீங்க! அந்தக் காலத்து எழுத்து மை! துவர்ப்பா இருக்கற ஏதாவது காயோட இரும்பைச் சேர்த்துதான் அந்த மையைப் பண்ணாங்க. துணியில கலம்காரி வரையறவங்க கறுப்புக் கோடு போடறதும் இதே கடுக்காயும் இரும்பும்தான். நான் புஸ்தகத்துல படிச்சதை நீங்க சட்டில பண்ணிட்டீங்க!"

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "எழுத்து மையா?"

"ஆமா அத்தை. அச்சு மெஷின் வர்றதுக்கு முன்னாடி வெளிநாட்டுல எத்தனையோ நூறு வருஷம் இந்த மாதிரி மையிலதான் எழுதினாங்க. கையால எழுதின வேதப் புஸ்தகம்கூட நெறைய இதுல எழுதினதுதான்."

"வேதத்தையா?" என்றார். முந்தானையிலிருந்து கைகளை மெதுவாக வெளியே எடுத்துப் பார்த்துக்கொண்டார். மணிக்கட்டு வரைக்கும் கறுப்பு. நகமெல்லாம் கறுப்பு. 'சாயம் நீங்களே போடணும்' என்று ஒதுங்கிய மனுஷி, எனக்குத் தெரியாமல், நான் வருவதற்குள் முடித்துவைக்க நினைத்து காலையில் நான் வேலைக்குக் கிளம்பியதிலிருந்து பாடுபட்டிருக்கிறார். அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும்போல இருந்தது எனக்கு. அழ நேரமில்லை, மணி இரண்டு.

கம்பெனியில் இந்தக் கறையை எடுக்க ஒரு அமிலம் வைத்திருப்போம். அது விஷம். குட்டிப் பிள்ளைகள் போடுகிற துணியில் அதைத் தொடவே கூடாது. எலுமிச்சைச் சாறு கொஞ்சம் எடுக்கும். இரவு டியூட்டி முடித்து உள்ளே தூங்கிக்கொண்டிருந்த கணவரை எழுப்பி பஜாருக்குத் துரத்தினேன். "எத்தினி பழம்?" என்றார் கண்ணைக் கசக்கிக்கொண்டு. "எத்தினி இருக்குதோ அத்தினியும்" என்றோம் இரண்டு பேரும் ஒரே குரலில். அவர் பிரியாணிக் கடையிலும் கெஞ்சி வாங்கி, ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். மாமியாரும் மருமகளும் ஒன்றாகப் பேசியதில் பாதி பயந்துபோயிருந்தார்.

அத்தனை அங்கிகளையும் வெளுக்க எலுமிச்சையும் போதாது, நேரமும் போதாது என்பது முதல் அங்கியிலேயே தெரிந்துவிட்டது. நான் தலையில் கை வைத்தேன். பழத்தைப் பிழியும்போது தெறித்த ஒரு சொட்டு அத்தை மடியிலிருந்த கறுப்புத் துணியில் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த இடம் மட்டும் வெளிறி, மஞ்சளாகப் புள்ளி விட்டது. அத்தை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது நட்சத்திரம் மாதிரி இல்ல?" என்றார்.

அவ்வளவுதான். கணவர் பிழிந்தார், நானும் அத்தையும் குச்சியில் பஞ்சைச் சுற்றிக்கொண்டு அங்கி அங்கியாக நட்சத்திரம் வரைந்தோம். பெத்லகேம் ராத்திரியே எங்கள் தோட்டத்தில் காய்ந்தது. நான் அவசரத்தில் ஒரு நட்சத்திரத்தைக் கோணலாகப் போட்டேன். "ஏய், இன்னாடி இது, நண்டு மாதிரி இருக்கு? ஒழுங்கா போடு!" என்றார் அத்தை. சொன்னது அவருக்கே தெரியவில்லை. என் கணவர் பிழிவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் வேண்டுமென்றே இன்னொரு நண்டு வரைந்தேன்.

"அத்தை, ஒரு பழத்தைக் கையில தேய்ச்சுக்கங்க, கறுப்பு போய்டும்" என்றேன். "மொதல்ல துணி. பழத்தை வீணாக்காத" என்று சொல்லிவிட்டார். கைகள் அப்படியே இருந்தன.

ஹாலுக்குப் போனோம். பிள்ளைகளுக்கு அங்கியை மாட்டும்போது பெண்கள் சங்கச் செயலாளர் அம்மா வந்தார். "மஞ்சள்னு சொன்னீங்களே? கிறிஸ்துமஸும் அதுவுமா இன்னா இது, துக்க வீடு மாதிரி கறுப்பு?" என்றவர், என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தியது எல்லோருக்கும் கேட்டது. "நம்ம வழக்கம் தெரியாதவங்க கையில குடுத்தா இப்படித்தான் ஆவும்."

கஞ்சி என்ற வார்த்தை வெளியே வந்தால் அத்தைக்கு எவ்வளவு அவமானம் என்று எனக்குத் தெரியும். அதனால் முந்திக்கொண்டேன். "சாயம் போடும்போது கைதவறிடுச்சுங்க. என் தப்புதான்." அத்தை பக்கத்தில்தான் நின்றார். முந்தானைக்குள் கைகளை மறைத்துக்கொண்டார். நானாகத்தான் பழியை ஏற்றேன், ஆனாலும் அவர் அப்படிப் பேசாமல் நின்றது சுருக்கென்று குத்தியது. சொன்னால் என்ன என்று மனசு கேட்டது. உள்ளுக்குள் அழுதுகொண்டேதான் பிள்ளைகளை மேடைக்கு அனுப்பினேன்.

நாடகம் பிரமாதமாக நடந்தது. நீலம் மலையேறி இறங்கி வந்த கதையைச் சொன்னது. ஊதா, 'நான் கடல் நத்தை வயித்துல இருந்தேன், ராஜா மட்டும்தான் என்னை உடுத்துவார்' என்று மூக்கைத் தூக்கியது. வெள்ளை, 'நான் ஈயத்துல பொறந்தேன், அழகா இருப்பேன், ஆனா விஷம்' என்றதும் முன்வரிசையில் ஒரு குழந்தை வீல் என்று கத்தியது. கடைசியில் விளக்குகள் மங்க, குட்டிப் பிள்ளைகள் கறுப்பு அங்கியில் நட்சத்திரங்களோடு ஓடி வந்தார்கள். அத்தை அவசர அவசரமாக மாற்றி எழுதிய வரியை எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள்: 'நாங்க கடுக்காயும் இரும்பும் சேர்ந்த கறுப்பு! வேதத்தை எழுதின கறுப்பு!' கைதட்டல் நிற்கவே இல்லை.

பாஸ்டர் மைக்கில் வந்து, மருமகள் கைதவறிச் செய்ததுகூட இவ்வளவு அழகாக முடிந்ததே என்று மெச்சிவிட்டு, நன்றி சொல்ல அத்தையைக் கூப்பிட்டார். அத்தை மேடை ஏறினார். மைக்கைப் பிடிக்கவில்லை. முந்தானையை உதறிவிட்டு, இரண்டு கைகளையும் எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினார்.

"இந்தக் கையைப் பாருங்க. அந்தத் துணிய கறுப்பாக்கினது இந்தக் கைதான். இரும்புச் சட்டில கஞ்சி காய்ச்சிப் போட்டது நான். என் மருமக ஒரு தப்பும் பண்ணல. நான் கெடுத்ததை அவதான் காப்பாத்தினா." அவர் மூச்சை இழுத்துவிட்டு, பழைய டீச்சர் குரலில் தொடர்ந்தார். "ஆனா அவ எனக்காக இந்தக் கோயில்ல நின்னு பொய் சொன்னா. கிறிஸ்துமஸும் அதுவுமா! அதுக்கு வீட்டுக்கு வரட்டும், அவளுக்கு இருக்குது."

ஹாலே இடிந்துவிடும்போல ஒரு சிரிப்பு. செயலாளர் அம்மாகூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் மட்டும் சுவரோரம் நின்று பொலபொலவென்று அழுதேன். என் கணவர் வந்து, "இன்னாம்மா, திட்டணும்னுதானே ஆசைப்பட்டே?" என்றார்.

வீட்டுக்குப் போனதும் சொன்னபடியே செய்தார். 'வாய் இருக்கேன்னு பொய் சொல்லுவியா, உன்னை யாருடி கேட்டா' என்று சோறு போட்டுக்கொண்டே திட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டு, கூடுதலாக ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டேன். சாப்பிட்டு முடித்ததும் மிச்சமிருந்த எலுமிச்சம்பழத்தை வெட்டி அவர் கைகளுக்கு நீட்டினேன். "இருக்கட்டும், தானா போவும்" என்று தள்ளிவிட்டார். கிறிஸ்துமஸ் காலை ஆராதனையில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்தக் கறுத்த விரல்களாலேயே பாட்டுப் புத்தகத்தைப் பிரித்து, நானும் பார்க்கும்படி நடுவில் பிடித்துக்கொண்டார்.

இப்போதும் கம்பெனியில் கலர் தப்பிப்போய் யாராவது முகம் வாடி நின்றால், என்னால் கோபப்பட முடிவதில்லை. ஊரே பார்க்க எனக்காகத் தூக்கிக் காட்டிய அந்த இரண்டு கைகள்தான் கண்ணுக்குள் வந்து நிற்கின்றன.